ஆறாவது விரல்

தல்லாகுளம் பிளெக்ஸ் கடைகளில் கிளமெண்டைத் தெரியாத ஆள் கிடையாது. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று பாதி மதுரைக்கு முகத்தைத் திருத்திக் கொடுத்தவன். அங்கிருந்து சினிமா போஸ்டருக்குப் போனான். ராப்பகலாக வரைவது இவன். போஸ்டரின் அடியில் ‘டிசைன்ஸ்’ என்று வருவது சென்னைக் கம்பெனி முதலாளியின் பெயர். “நோகாம நுங்கு திங்கிறாய்ங்க” என்று பல வருஷம் பல்லைக் கடித்தான்.

கடைசியில் ஊர்க்கார டைரக்டர் அழகுராஜா கூப்பிட்டார். “இதுல உன் பேருதான் மாப்ள. ஆனா கையால வரையணும். கம்ப்யூட்டர்ட்ட சொல்லி வரைய விட்டே, அம்புட்டுத்தான்.”

கதவை மறித்து நிற்கும் ஒரு பெண்ணின் கை. அதுதான் போஸ்டர். எப்போதும்போல மனைவி ஆனிமேரியின் கையைப் பார்த்தே வரைந்தான். அவள் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். வலது கையில் ஆறு விரல். போர்டில் எழுதும் நேரம் போக, அந்தக் கை சேலைத் தலைப்புக்குள்தான் கிடக்கும். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அதைக் கண்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். கிளமெண்ட் மட்டும் அந்தச் சின்ன விரலைப் பிடித்துக்கொண்டு, “இது எனக்கு” என்றான். அதற்காகவே அவள் அவனைக் கட்டிக்கொண்டாள்.

முன்பெல்லாம் வரையும்போது ஒரு விரலை விட்டுவிடுவான். தன் பெயர் வரப்போகிற போஸ்டரில் பொய் எதற்கு என்று இந்த முறை ஆறையும் வரைந்தான். அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

போஸ்டர் வெளிவந்த அன்றே வினை வந்தது. கம்ப்யூட்டர் வரைந்தால்தான் விரல் கூடிப்போகும் என்பது இன்றைக்குச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். “திருட்டுப் படம், விரலை எண்ணு” என்று இணையம் முழுக்கச் சிரித்தார்கள். அழகுராஜா போனில் கத்தினார்.

“ஏமாத்திட்டியே மாப்ள! உன் பேரைத் தூக்கச் சொல்லிட்டாங்க.”

“அண்ணே, அது என் பொண்டாட்டி கைண்ணே!”

“கதை விடாத.”

ஆனிமேரி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “கையைக் காட்டு மேரி” என்றான். வரையத்தான் கேட்கிறான் என்று நீட்டினாள். போனில் படம் பிடித்து, ‘என் மனைவியின் கை. எண்ணிக்கொள்ளுங்கள்’ என்று ஊருக்கே போட்டுவிட்டான்.

பெயர் தப்பியது. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்தக் கையை வைத்து ஆளுக்கொரு கேலிப்படம் செய்தார்கள். பள்ளியில் அவளுக்கு ‘ஆறாம் வாய்ப்பாடு’ என்று பெயர் விழுந்தது. ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்தால், போர்டு நிறையக் கை வரைந்து வைத்திருந்தார்கள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல?” என்றாள் வீட்டுக்கு வந்து.

“அதான் பேரு திரும்பி வந்துருச்சுல்ல மேரி!” என்றான் அந்த மடையன். வேறு என்ன சொல்லி அவனைத் திட்டுவது?

அவள் அரைப்பரீட்சை லீவு விட்டதும் சோழவந்தானில் அம்மா வீட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கிளமெண்ட் அடுத்த படத்துக்கு வரைந்துகொண்டிருந்தான். இப்போது தேடி வந்து வேலை கொடுத்தார்கள். கதாநாயகியின் கை மட்டும் பாக்கி. ஆனிமேரி எதிரே உட்கார்ந்து, தலைப்பை விலக்கி, வலது கையை மேசைமேல் வைத்தாள். ஓரத்தில் வெள்ளைக் கட்டு. விரல்கள் ஐந்துதான் இருந்தன.

“வரைஞ்சுக்கங்க” என்றாள். “இனிமே ஒருத்தரும் உங்களச் சந்தேகப்பட மாட்டாங்க.”