மேற்படியில் நின்ற பிள்ளை

செயின்ட்-மிஷேல் கோயில் மண்டபத்தில் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடப் பழக்கியவள் அஞ்சலீனா. கிழமை நாட்களில் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் ஒரு நத்தார் விழாவில் அவள் பழக்கிய பிள்ளைகள் மேடையில் நின்று தாய்மாருக்குக் கைகாட்டினார்கள். ஒருவன் மூக்கு நோண்டினான். மற்றக் கோயில் பங்குகளிலிருந்து வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வருடம் முழுக்கச் செமிக்கவில்லை.

அடுத்த நத்தாருக்குப் பாட்டுக்கு முன்னமே மேடை ஒழுங்கு பழக்கினாள்.

"மேடையிலை ஆரையும் தேடப்படாது. சொறியப்படாது. பிழை விட்டாலும் முகத்திலை காட்டப்படாது. கைதட்டி முடியுமட்டும் ஒருத்தரும் அசையப்படாது. கண் என்னிலை இருக்கவேணும்."

பிள்ளைகள் தங்களுக்குள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் குசுகுசுத்தார்கள், ஆனால் பழகிக்கொண்டார்கள். விழாவன்று மேடையில் போட்ட மூன்று படிகளிலும் இருபத்திரண்டு பேர் சிலை மாதிரி நின்றார்கள். மண்டபத்தில் ஹீட்டர் வெக்கை. மூன்றாம் பாட்டில், மேற்படியில் நின்ற பதினொரு வயது றொஷினியின் முகம் வெளிறுவதை அஞ்சலீனா கண்டாள். கூச்சம் என்று நினைத்தாள். தாளம் போட்ட கையாலேயே தன் நாடியைத் தொட்டு முகவாயை உயர்த்தி, நிமிர்ந்து சிரி என்று சைகை காட்டினாள். பிள்ளை சிரித்தது. அப்படியே முகங்குப்புற விழுந்தது.

நாடியில் ஆறு தையல். முன்பல் இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் தகப்பன் வின்சன்ட் ஏசவில்லை.

"ரீச்சர், தலை சுத்தினால் அப்பிடியே கீழை இருக்கலாம் எண்டு பிள்ளையளுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

அவ்வளவு சொல்லிக் கொடுத்தவளின் வாயில் அது ஒன்று மட்டும் வரவேயில்லை. வின்சன்ட் தலையாட்டிவிட்டு மகளின் பக்கம் திரும்பினார். ஏசியிருந்தால் அழுதிருப்பாள்.

றொஷினி பஞ்சு வைத்த வாயால் சொன்னாள்: "ரீச்சர், நான் விழுமட்டும் அசையேல்லை."

சொல்லிவிட்டு, கெட்டிக்காரி என்று கேட்கக் காத்திருக்கும் பிள்ளையைப் போல அஞ்சலீனாவையே பார்த்தாள். அஞ்சலீனா குனிந்து போர்வையை இழுத்துவிட்டாள்.

தை மாதம் இரண்டு தாய்மார் வந்து, "பாட்டு வகுப்பைத் திரும்பத் தொடங்குங்கோ" என்று கேட்டார்கள். "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டாள். மாசியிலும் அதையே சொன்னாள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமையும் வேலைக்குப் பெயர் கொடுத்தாள்.

உயிர்த்த ஞாயிறு பூசையில் றொஷினியைக் கண்டாள். பொய்ப்பல் கட்டியிருந்தது. கோயில் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை மட்டும் உதட்டை இறுக மூடிக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றது. அஞ்சலீனா பூசை முடியுமுன்னே வெளியே வந்து, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.