பலகைக்குப் பாரம்

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், வன்னியில் மல்லாவியில் தச்சுவேலை செய்துகொண்டிருந்தேன். மனைவி துணி வெட்ட அகலமான மேசை கேட்டாள். அந்த அளவில் ஒட்டுப்பலகை கிடைக்கவில்லை. மெல்லிய மரத்தகடுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, முற்றத்தில் வைத்து நானே ஒட்டினேன். பசை இறுகும்வரை மேலே பாரம் வேண்டும். மனைவியே ஏறி இருந்தாள். அப்படியும் ஒரு ஓரம் எழும்பியது.

நாங்கள் விரும்பிக் கலியாணம் கட்டியதால், மனைவியின் தாயான மாமி எங்களோடு கதைப்பதில்லை. அன்று சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுப் படலையடியில் நின்றுவிட்டார்.

"என்னடி செய்யிறாய்?"

"பலகை ஒட்டுறம், அம்மா. என்ரை பாரம் காணாது."

மாமி உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். "தள்ளி இரு."

பசை காயும்வரை இருவரும் அதன்மேல் இருந்து கதைத்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சீனி போடுங்கோ, மருமோன்" என்றார் மாமி.

அவர் என்னை முறைசொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குசினிக்குள் போய், சீனிப் போத்தலையே எடுத்துக்கொண்டு வந்தேன்.