பைப்படியில் ஒரு கூட்டம்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பைப்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு பைப் போடுவதா, பொதுப் பைப்பே போதுமா என்று முனிசிப்பல் எலக்‌ஷன் காலத்தில் ஆண்கள் தொண்டை கிழிய வாதாடினார்கள். பெண்களும் கேட்கட்டும் என்று ஒருநாள் பைப்படியிலேயே கூட்டம் வைத்தார்கள், அதுவும் மாலை ஐந்து மணிக்கு. தண்ணீர் வருவது அந்த நேரத்தில்தான் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாளாவது குடம் தூக்கியிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்!

நாங்கள் வழக்கம்போலக் குடங்களை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு, கூட்டத்துக்குப் போட்டிருந்த வாங்குகளில் போய் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் கோட்டும் டையுமாக மேடையேறி, வீட்டுப் பைப் வீண் ஆடம்பரம் என்று முழங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது பைப் சீறியது. பெண்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடினோம். என் முதல் குடம் நிறைந்ததும் அங்கிருந்தே கத்தினேன்.

“இஞ்சேருங்கோ, கதைச்சது காணும்! வந்து இந்தக் குடத்தைத் தூக்குங்கோ!”

ஒழுங்கையே சிரித்தது. அவர் இறங்கி வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஒழுங்கைக் கடைசியில் இருந்த எங்கள் மாடி வீட்டுக்கு ஏறினார். கோட்டு நனைய, மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர் நேரே மேடைக்குத்தான் போனார்.

“நான் முதல் கதைச்சதை எல்லாரும் மறந்துபோடுங்கோ.”

“ஏன்?” என்றார் கூட்டத் தலைவர்.

“இன்னும் மூண்டு குடம் கிடக்குது.”