படியையும் எடுத்துக்கொள்ளுங்கள்

என் தம்பி கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவன். லாரிகளுக்கு சீட் கவர் தைப்பது தொழில். மெஷினில் ஊசி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஆள் எங்கேயோ இருப்பான். கூப்பிட்டால் கிணற்றிலிருந்து ஏறி வருகிறவன் மாதிரி மெதுவாகத் திரும்பி, "என்னக்கா?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் ஒருத்தராவது முழித்துக்கொண்டிருக்க வேண்டுமே என்றுதான் நான் இப்படி வாயாடியாகப் போனேன்.

எங்கள் வீடு ஒரு வளைவில் இருக்கிறது. மேலே காடு, கீழே மர டிப்போ. நடுவில் போகிற மண் பாதை எங்கள் அப்பா வாங்கிய நிலம். இப்போது தம்பி பெயரில். மரக் கம்பெனிக்கு அதில் போக வர உரிமை மட்டும் உண்டு. காலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பாதையும் தெரியாது, வேலியும் தெரியாது. ஈர மரத்தின் வாசனை முதலில் வரும். பிறகு மஞ்சளாக இரண்டு விளக்கு. அதற்கும் பிறகுதான், படுத்த மரங்களைச் சுமந்துகொண்டு லாரி. காடே எழுந்து கீழே கிளம்பிவிட்டதோ என்று தோன்றும். டிப்போவின் எடை மேடையில் நாளெல்லாம் அதே மரங்களை நிறுக்கிற எனக்கே அப்படித் தோன்றுமென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவள் தம்பியின் மகள். தாயில்லாப் பிள்ளை, நான் தூக்கி வளர்த்தவள். அவள் லைசென்ஸோடு வந்து நின்ற அன்று, சாதுவான என் தம்பிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, "லாரி ஓட்டுறவ என் வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்றுவிட்டான்.

"லாரிக்கு சீட் தைக்கலாம், அதுல பொண்ணு உக்காந்தா மட்டும் ஆகாதாடா?" என்று நான் கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "சரிப்பா, ஏறல" என்றாள். டிப்போ பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பனுக்குத் தப்பாத பெண், சொன்னால் சொன்னதுதான். எங்கள் வாசலில் கிடக்கும் அந்த ஒற்றைக் கல் படியை அவள் அதற்கப்புறம் மிதிக்கவே இல்லை. மறுநாளே அவன் கரைந்துபோனது எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து "வா" என்று கூப்பிட வேண்டுமே! அந்த ஒரு எழுத்து மட்டும் அவனுக்கு வரவில்லை.

பிறகு கம்பெனி நீள டிரெய்லர் லாரிகளை இறக்கியது, அவளுக்கும் ஒன்று கொடுத்தார்கள். எங்கள் வளைவில் அவை ஒரே மூச்சில் திரும்பாது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போக வேண்டும். மேனேஜர் தன் வக்கீலோடு வந்து, மூலையை வெட்டி வளைவை நிமிர்த்த வேண்டும் என்றார். தம்பி முடியாது என்றான். நான் எங்கள் பக்கத்துக்கு ஒரு வக்கீலம்மாவைக் கூட்டி வந்தேன்.

"போக வர உரிமை இருக்குன்னா, போறதுக்குத் தோதா பாதையை மாத்திக்கிறதும் அதுல அடக்கம்தானே?" என்றார் கம்பெனி வக்கீல்.

வக்கீலம்மா மெஷினில் கிடந்த துணியைத் தொட்டுக் காட்டினார். "இரவல் சட்டையைப் போட்டுக்கலாம் சார். துவைக்கலாம், கிழிஞ்சா தைக்கலாம். உடம்பு பெருத்துப்போச்சுன்னு அதை வெட்டிப் பிரிக்க முடியுமா? குழி விழுந்தா மூடுங்க, யாரும் தடுக்கல. வளைவை நிமிர்த்தணும்னா சொந்தக்காரர் சம்மதம் வேணும்."

மேனேஜர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பாவம், அவரை யாரும் சொல்லவில்லை.

தம்பி விலையை ஏற்றப் பார்க்கிறான் என்று டிப்போவில் பேச்சு கிளம்பியது. மகளும் எடை மேடையில் லாரியை நிறுத்திவிட்டு, "அத்தை, அவருக்கு அந்த வளைவு மேல அப்படி என்ன ஆசை?" என்றாள்.

"உங்கப்பாவையே கேளு. நான் என்ன உங்களுக்குத் தபால்காரியா?"

உண்மையில் எனக்கும் தெரியாது. காய்ச்சலுக்கு லீவு போட்டுப் படுத்திருந்த ஒரு காலையில்தான் தெரிந்தது. ஒரு லாரி வந்தது, அவன் தலை தூக்கவில்லை. இன்னொன்று வந்தது, அப்போதும் இல்லை. மூன்றாவதின் சத்தம் கேட்டதுமே ஊசி நின்றது. எழுந்து பனிக்குள் நடந்தான், ஆளே கரைந்துவிட்டான். வெள்ளைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"வா… வா… வரட்டும்… வரட்டும்… போதும்!"

"சரிப்பா" என்று லாரிக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. லாரி போய், மர வாசனையும் மெலிந்த பிறகு, தலையெல்லாம் பனித்துளியோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். லாரியின் முதுகைப் பார்த்துத்தான் என் தம்பியால் மகளை "வா" என்று கூப்பிட முடிந்தது. வளைவு நிமிர்ந்தால் அவள் நிற்காமலே போய்விடுவாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவள் லாரியின் பின்சக்கரம் அதே மூலையில் சறுக்கி, பாதையோரத்து ஓடைப் பக்கம் இறங்கிவிட்டது. கட்டிய மரங்கள் முனகின. "போதும்! போதும்மா!" என்று அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. லாரி சாய்ந்தபடியே நின்றது. அவள் மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, எங்கள் வாசலுக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. அவன் படியில் நின்று துண்டை நீட்டினான். அவள் கீழே நின்றே வாங்கித் துவட்டினாள். "உள்ள…" என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை. கம்பெனி ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாளே மேனேஜரை வரச் சொன்னான். "மூலையை வெட்டிக்கோங்க. ஆனா இந்தப் படியையும் எடுத்துடணும். வாசல் மட்டத்துக்கு ஜல்லி போட்டு நிரப்பணும்."

"படி எங்களுக்குக் குறுக்கே இல்லைங்களே?"

"எனக்குக் குறுக்கே இருக்கு."

"யோசிச்சுக்கோங்க, மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துடும்" என்றார் வக்கீலம்மா.

"வந்தா வரட்டும்" என்றான் தம்பி. இவனுக்கு முற்றிவிட்டது என்றே நான் நினைத்தேன்.

இயந்திரம் வந்தது. மூலை போனது. கடைசியாகக் கல் படியைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

புதுப் பாதையின் முதல் காலை. நல்ல பனி. அவன் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இனிமே நிக்க மாட்டாக்கா" என்றான். அவள் லாரிச் சத்தம் நேராக, தடையில்லாமல் இறங்கி வந்தது. எங்களைத் தாண்டப் போகிறது என்று நினைத்தபோது பிரேக் சீறியது.

மகள் பனிக்குள்ளிருந்து நடந்து வந்து, வாசலுக்கு முன்னால் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அத்தை, படி எங்க?"

"உங்கப்பாவையே கேளு" என்றேன்.

அவன் எழுந்து வாசல் நிலைக்குப் பக்கத்தில் வந்தான். "ரோட்டுக்குக் கொடுத்துட்டேன்மா."

அவள் ஜல்லியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. அவன் லாரிக்குப் பின்னால் நிற்கிற மாதிரியே கையை உயர்த்தினான்.

"வா… வா… வரட்டும்…"

அவள் வந்தாள். நிலையைத் தாண்டி, மெஷினைத் தாண்டி, அவன் நெஞ்சில் வந்து முட்டும் வரைக்கும் அவன் "போதும்" என்று சொல்லவே இல்லை.