பள்ளப்பக்கம் நின்றவர்கள்

செம்மஞ்சள் அங்கியை மாட்டி, கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டு, கையில் சிவப்புக் கொடியையும் கொடுத்துவிட்டால் எந்த மனிதனுக்கும் கொஞ்சம் தலை கனக்கத்தான் செய்யும். நான் நிவித்திகல கடைத்தெருவில் த்ரீவீலர் ஓட்டுகிறவன். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மோட்டார் சைக்கிள் மலையேற்றப் போட்டி வைத்தார்கள். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுகிறவன் என்பதால், தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் பெரிய வளைவுக்கு என்னைக் காவல் போட்டார்கள். வளைவின் வெளிப்பக்கம் ஒருத்தரையும் நிற்கவிடக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

இரத்தினபுரியிலிருந்து வந்த பொறுப்பாளர் காலையிலேயே எங்களுக்குப் பாடம் எடுத்தார். வளைவில் சறுக்குகிற வண்டி வெளிப்பக்கம்தான் பாயும் என்று சொல்லி, கையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சட்டென்று வளைவாகச் சுழற்றிக் காட்டினார். தேநீர் முழுக்க அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் கொட்டியது. அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஆட்களுக்கு வேறொரு பாடம் ஏற்கெனவே மனப்பாடம். தோட்டத்து ரோட்டில் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். கொழுந்து லொறி திரும்பும்போது டிரைவர் பள்ளத்துக்குப் பயந்து மேட்டை உரசிக்கொண்டு வருவார். அதனால் லொறிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பள்ளப்பக்கம் ஒதுங்கி ஓரத்தில் நின்றுகொள்வோம். நடை பழகும் பிள்ளைக்குக்கூட முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். அந்தப் பெரிய வளைவிலோ, பள்ளப்பக்கம்தான் வெளிப்பக்கம்.

ஆகவே நான் போய்ச் சேரும்போது பள்ளத்தோரம் திருவிழாக் கூட்டம். பலாமர நிழல் வேறு. உரச் சாக்கை விரித்து, கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோரும் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் சம்சாரம். அன்று அவளுடைய தம்பியும் போட்டியில் ஓடினான். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் வெல்வதைப் பார்க்க விடியற்காலையிலேயே இடம் பிடித்திருக்கிறாள்.

"எல்லாரும் மேட்டுமேல ஏறுங்க. இங்க நிக்கக் கூடாது" என்றேன்.

"ஏங்க, வண்டி வர்ற நேரத்துல யாராச்சும் மேட்டுப்பக்கம் நிப்பாங்களா? மூளை கீளை இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

"இது கொழுந்து லொறி இல்ல புள்ள. சறுக்குச்சுன்னா நேரா இங்கதான் வரும்."

"எங்க தம்பி சறுக்க மாட்டான்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். விசிலை ஊதினேன். ஒரு நாய் மட்டும் எழுந்து போனது. கயிறு கட்டினேன். கட்டி முடிக்கும் முன்பே அதில் குடைகளைத் தொங்கவிட்டார்கள். என் சம்சாரத்தின் நீலப் பூப்போட்ட குடைதான் முதல் குடை. கடைத்தெருவிலிருந்து வந்திருந்தவர்களைப் பார்த்து, ஒதுங்கச் சொல்லி "அயின் வென்ன, அயின் வென்ன" என்று சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். ஒதுங்குகிற பாவனையில் ஓர் அடி பின்னால் வைத்தார்கள், வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டடி முன்னால் வந்தார்கள். வீட்டிலேயே செல்லாத காசு, ரோட்டில் எப்படிச் செல்லும்?

முதலில் வந்த வண்டிகள் எப்படியோ தப்பித்துப் போயின. ஒவ்வொன்றும் சரளைக் கற்களை வாரி எங்கள் முழங்காலில் அடித்தது. அதற்கும் கைதட்டினார்கள். கீழேயிருந்து அடுத்த வண்டி உறுமிக்கொண்டு ஏறியபோது, சரி, வருவது வரட்டும் என்று நடுரோட்டில் நின்று சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டேன்.

வந்தவன் மைத்துனன். அதுவரை வந்தவர்களில் அவன்தான் வேகமாம். வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கினான். ஓரத்தில் கையாட்டிக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"மச்சான், நல்லா வந்துக்கிட்டிருந்தேன். இப்பிடிப் பண்ணிட்டீங்களே" என்றான்.

கூட்டம் ஊளையிட்டது. என் சம்சாரம் எழுந்து நின்று, தாலி கட்டின நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். தம்பி முன்னுக்கு வருவது எனக்குப் பொறுக்கவில்லையாம். மறுபடி முதலிலிருந்து ஓட, அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே போனான். என்ன நடந்தது என்று பொறுப்பாளர் போனில் கேட்டார். வளைவு காலியாகும்வரை ஒரு வண்டியும் மேலே வராது என்றார். அதை நான் இரண்டு மொழியிலும் உரக்கச் சொன்னேன்.

பாதுகாப்பு என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியபோது அசையாதவள், தம்பியின் ஓட்டம் கெட்டுவிடும் என்றதும் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"எந்திரிங்கடி எல்லாரும். எங்க தம்பி ஓடணும்."

அவள் ஓர் அதட்டல் போட்டதும் மொத்தக் கூட்டமும் கடலையோடு மேட்டில் ஏறியது. கடைத்தெரு ஆட்களும் மறுபேச்சில்லாமல் ஏறினார்கள். ஏறும்போது என் பக்கம் திரும்பி, "இன்னைக்குச் சோத்த நீங்களே ஆக்கிக்குங்க" என்றாள். அவசரத்தில் குடையைக்கூட எடுக்கவில்லை.

மைத்துனன் மறுபடி வந்தான். விட்டதைப் பிடிக்கிற வேகம். வளைவில் பின்சக்கரம் சரளையில் வழுக்கியது. வண்டி கயிற்றை அறுத்து, உரச் சாக்குகளை இழுத்துக்கொண்டு, பலாமரத்தை ஒட்டிப் பாய்ந்து, கீழே தேயிலைக்குள் போய் விழுந்தது.

அடுத்த வண்டி வராதபடி கொடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் பள்ளத்தில் இறங்கி ஓடினேன். கொஞ்ச நேரத்துக்கு முன் எத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். வலது கை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த வண்டியின் சக்கரத்தில் நீலப் பூப்போட்ட குடை கிழிந்து சுற்றியிருந்தது. இடது கையால் தேயிலைச் செடிகளை விலக்கி விலக்கி அவன் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அசையாதடா. ஆம்புலன்ஸ் வருது."

"அக்கா, மச்சான். அக்கா இங்கதான நின்னிச்சு. என் கண்ணால பாத்தேன். அக்கா எங்க?"

"மேட்டுல இருக்கா. அவளுக்கு ஒன்னும் இல்ல" என்றேன். அவன் நம்பவில்லை. குடையைக் காட்டினான். மறுபடி செடிகளை விலக்கினான்.

அதற்குள் அவள் சரிவில் உட்கார்ந்து, வழுக்கி, செடியைப் பிடித்து இறங்கி வந்துவிட்டாள். அவன் முன்னால் மண்டியிட்டு, அவன் கன்னத்தில் கையை வைத்தாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், தோளைத் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் அவனுக்குக் கை வலிக்க ஆரம்பித்தது.