சீனக் கிண்டியைத் துலக்கிய பாவம்

நல்லது செய்யப்போய்ப் பொல்லாப்பு வாங்கியவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. ஒன்பது வயதிலேயே வாங்கியவர்கள் என்னைப் போலக் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டுதான் வருகிறது.

என் அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, இளவட்டமாக இருந்தபோது வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கொல்லிமலையை விட்டு இறங்கியவர். எங்கெங்கோ சுற்றி, கப்பலேறி, பினாங்கில் ஒரு சீனர் கடையில் மூட்டை தூக்கி, இருபது வருஷம் கழித்து மலைமேல் எங்கள் தேவனூர் நாட்டுக்கு ஏறி வந்தார். கப்பலில் போனவன் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவான் என்று ஊரே காத்திருந்தது. அவர் கொண்டுவந்தது இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, துணியில் சுற்றிய ஒரு மண் கிண்டி. ஈரல் நிறம், உள்ளங்கையில் அடங்கிவிடும். மூக்கு, கைப்பிடி, குமிழ் வைத்த மூடி எல்லாம் இருந்தன. சீனாக்காரர்கள் டீ போடுவதற்கென்றே செய்வதாம். எங்கள் வீட்டில் அதற்குச் சீனக் கிண்டி என்று பெயராகிவிட்டது. இதற்கா கப்பலேறினான் என்று அவருடைய தங்கையான என் அத்தை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் கிண்டிக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கும் நடக்கவில்லை. முதலில் வெறும் வெந்நீரை உள்ளே விட்டுச் சூடு காட்டிக் கொட்டுவார். பிறகு இலை இலையாக இருக்கும் டீயைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடியை மூடி, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மேலேயும் ஒரு சுற்று வார்ப்பார். பாலும் கிடையாது, வெல்லமும் கிடையாது. குடித்து முடித்ததும் சக்கையைக் கொட்டி, இன்னொரு தரம் வெந்நீரில் அலசி, மூடியைத் தனியே எடுத்துவைத்து நிழலில் காயவிடுவார். சாம்பல், புளி, சோப்பு எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. உள்ளே கருப்பாக ஏடு கட்டிக் கிடந்தது. வெறும் வெந்நீர் ஊற்றினாலே டீ வாசனை வரும் என்று பெருமையோடு என் மூக்குக்கு நேரே நீட்டுவார். எனக்கு வாசனையைவிட அந்த அழுக்குத்தான் கண்ணில் பட்டது.

எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாத்திரம் துலக்குவதுதான் முதல் பாடம். துலக்கிய குண்டாவில் விரலை வைத்து இழுத்தால் கிறீச்சென்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் அம்மா நறுக்கென்று குட்டுவாள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனுஷர் வருஷக்கணக்காகத் துலக்காத பாத்திரத்தில் குடிக்கிறார், அவரை ஒருவரும் குட்டவில்லை. அதுவே எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் பெரியப்பா என்றால் எனக்கு உயிர். அம்மா குட்ட வந்தால் குறுக்கே வந்து நிற்கிற ஒரே ஆள் அவர்தான்.

அவர் வந்த மறுவருஷம் பங்காளித் தாத்தா ஒருவர் தவறிப்போனார். பங்காளி போனால் எங்கள் வீட்டுக்கும் தீட்டு. கருமாதியன்று ஆண்கள் காரியம் செய்ய ஆற்றுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் வீட்டைச் சாணி போட்டு மெழுகி, பித்தளை வெண்கலத்தையெல்லாம் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, புழங்கின மண்சட்டிகளைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டு உடைப்பார்கள். மண் தீட்டைக் குடித்துவிடுமாம், கழுவினாலும் போகாதாம். இருபது வருஷம் கடல் தாண்டி இருந்த பெரியப்பாவுக்கு இந்த வழக்கம் மறந்தே போயிருக்க வேண்டும். கிண்டியை மாடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அத்தை சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்தாள். கடைசியில் அவள் கையில் சீனக் கிண்டி இருந்தது.

இது சோறாக்குகிற சட்டி இல்லை, வேறு ஊர் மண், இந்த ஊர்த் தீட்டு அதற்கு எப்படித் தெரியும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அத்தை அசைந்துகொடுக்கவில்லை.

"எந்த ஊரு மண்ணா இருந்தா என்ன புள்ள? பித்தளைன்னா வெளக்கி எடுத்துக்கலாம். மண்ண என்ன பண்றது?"

"இதையும் பித்தளையாட்டம் வெளக்கிக் காட்டுனா உட்ருவீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொட்டு அழுக்கு இல்லாமல் துலக்கிக் கொண்டுவந்தால் விட்டுவிடுவதாகச் சொன்னாள். நடக்காது என்ற தைரியம்தான்.

கிண்டியை மடியில் கட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடினேன். சாம்பல், புளி, பீர்க்கங்கூடு, பொடிமணல் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். உள்ளே என் விரல் இரண்டுதான் போயிற்று. ஏடு கல்லாக இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது, பிய்ந்த இடத்தில் புளி பட்டு எரிந்தது. மூக்கின் ஓட்டையை ஈர்க்குச்சியால் குடைந்தேன். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கருப்பாக வந்து, பழுப்பாக வந்து, கடைசியில் தெளிவாக வந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது கிண்டி உள்ளும் புறமும் புதுச் செங்கல்லாகச் சிவந்துகிடந்தது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை விட்டு இழுத்தும் பார்த்தாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு மாடத்தில் திரும்ப வைத்தாள். அத்தையை ஜெயித்தவர்கள் எங்கள் ஊரில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சாயங்காலம் பெரியப்பா ஈரத்துண்டோடு வந்தார். நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன், விரலைக்கூடக் காட்டினேன். தூக்கி வைத்துக் கொஞ்சப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கிண்டியை எடுத்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"உங்கத்தை ஒடச்சிருந்தாக்கூடத் தேவலையே கண்ணு" என்றார்.

திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். உடைக்க வந்தது யார், காப்பாற்றியது யார்? காப்பாற்றியவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அம்மா சமாதானம் சொல்ல வந்தாள். நாலு நாள் டீ போட்டால் தானாகக் கருத்துவிடாதா, இதற்குப் போய் மனசைக் கெடுத்துக்கொள்ளலாமா என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

"நான் ஊத்துனா நான் ஊத்துனதாத்தான் இருக்கும் அம்மிணி. இதுல இருந்தது அவ பன்னண்டு வருசம் ஊத்துனது. அவ மண்ணுக்குப் போயும் அது எங்கூடக் கப்பலேறி வந்துது."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை மெழுகிய தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரு அவ என்று நான் கேட்டேன். போய் ஆட்டைக் கட்டு என்று அம்மா என்னை வெளியே விரட்டினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கிண்டியில் பெரியப்பா டீயே போடவில்லை. நானும் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. என் ஆத்திரமெல்லாம் அந்த 'அவ' மேல்தான். பினாங்குக் கடையில் பாத்திரம் கழுவ வைத்திருந்த வேலைக்காரியாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு கிண்டியை ஒழுங்காகக் கழுவத் துப்பில்லாத ஒருத்தி. அவளுக்காகக் கண் கலங்குகிறார், நகம் பிய்யத் தேய்த்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. இது எந்த ஊர் நியாயம் என்று, வீட்டுக்குள் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அன்றைக்கு ஆட்டைக் கட்டிக்கொண்டே கத்தினேன். ஒருவரும் வெளியே வந்து என்னைக் குட்டவில்லை.