பட்டனில் போட்ட தாளம்

மிருதங்கம் வாசிக்கிறவனுக்குக் காது மந்தம் என்று மயிலாப்பூரில் ஒரு சபாவுக்குத் தெரிந்தால் போதும், மறுநாள் காலை காப்பிக்குள் எல்லா சபாவுக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிளினிக் இருக்க, வேலை மெனக்கெட்டு ஆட்டோ பிடித்து அடையாறு போனேன்.

இருபது வருடமாக ஒரே பாடகிக்கு வாசித்து வந்தவன் நான். கச்சேரி நடுவில் அவர் என் பக்கம் லேசாகத் திரும்பி, அடுத்தது என்ன பாட்டு, எவ்வளவு நேரம் என்று ரகசியமாகச் சொல்வார். கொஞ்ச நாளாகவே அதெல்லாம் எனக்கு வெறும் உதட்டசைவாகத்தான் இருந்தது. புரிந்த மாதிரி தலையாட்டி வைப்பேன். ஒருநாள் நேரமாகிவிட்டது, இன்று மிருதங்கத்துக்குத் தனி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்; பின்னால் உட்கார்ந்து தம்பூரா போட்டவர் அப்புறம் சொல்லித்தான் எனக்கே தெரியும். நானும் வழக்கம்போல் தலையாட்டிவிட்டு, பாட்டு முடிந்ததும் இருபது நிமிடம் தனியாக வெளுத்துக் கட்டினேன். ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. அதன்பின் ஆறு மாதம் அவரிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. என் இடத்தில் வேறொருவர் வாசிப்பதாகக் கேள்விப்பட்டேன். இனி மேடையே கிடையாதோ என்று தினமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் காதைச் சோதிக்கிறவள் முப்பது வயதுகூட ஆகாத பெண். பட்டினப்பாக்கம், அப்பா கடலுக்குப் போகிறவர் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். வெளிச்சத்தம் நுழையாத ஒரு சின்ன அறையில் என்னை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"சத்தம் வந்தா அமுக்குங்க சார். எவ்ளோ சின்னதா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க."

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். முதலில் கனமான 'பூம்', அப்புறம் 'பீப்', அப்புறம் அதைவிடச் சன்னமான ஒன்று. அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். பாஸாகிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்தாள்.

"இன்னா சார் இது? கடைசி நாலு வாட்டி நான் சத்தமே வெக்கல. நாலுக்கும் அமுக்கிக்கினு இருந்தீங்க."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்ததில்லை, சத்தியமாக. அவள் ஒரே இடைவெளி விட்டுச் சத்தங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து சத்தத்திலேயே அந்த ஓட்டம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நாற்பது வருடமாகத் தாளத்தோடு பிழைப்பவன், அடுத்த அடி எங்கே விழும் என்று விரலுக்குத் தெரியாதா? காது கைவிட்ட இடத்தில் விரல் முந்திக்கொண்டுவிட்டது. வேறு வழியில்லாமல், என்ன தொழில் என்று சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "தப்பு என்னுதுதான் சார். ஒரே மாதிரி வெச்சிருக்கக் கூடாது."

மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை எந்தக் கணக்குக்கும் அடங்காமல் சத்தம் வந்தது. சில சமயம் அடுத்தடுத்து இரண்டு. சில சமயம் எச்சில் விழுங்கும் அளவுக்கு மௌனம். என் விரல் பல தடவை சும்மாவே இருந்தது. அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன்.

அதற்கப்புறம் இன்னொரு சோதனை. காதுக்குள் மெத்தென்று ஒரு முனையைச் செருகினாள். உள்காது நன்றாக இருந்தால், சத்தத்துக்கு அதுவே மிக மெல்லிய சத்தம் ஒன்றைத் திருப்பித் தருமாம். அதை ஒரு குட்டி மைக் பிடித்துக்கொள்ளும். பட்டனும் இல்லை, பதிலும் இல்லை.

"இதுல நீங்க ஒண்ணியுமே செய்ய வேணாம் சார். ஆடாம அசையாம கீறதுதான் வேலை."

அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். என் விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தனவாம். இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் உட்கார்ந்தேன்.

கடைசியில் ஒரு காகிதத்தை முன்னால் வைத்தாள். இடது ஓரம் கனத்த சத்தங்கள், வலது ஓரம் கீச்சுச் சத்தங்கள். என் காதின் கோடு பாதி தூரம் ஒழுங்காகப் போய், பிறகு சறுக்கு மரத்தில் இறங்குவதுபோல் இறங்கியது. இரண்டாவது சோதனையும் அதையே சொன்னது.

"என் வாத்தியம் இதுல எங்கே இருக்கு?" என்றேன்.

அவள் கோடு மேலாகவே ஓடிய பகுதியைப் பேனாவால் வட்டமிட்டாள். "பெரும்பாலும் இங்கதான் சார். சுருதி சேக்கறதுக்கு உங்க காது போதும். ஆனா யாராவது ரகசியமா பேசினா, அது முக்காவாசி இந்தச் சறுக்குல பூடும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனது வாசிப்பு இல்லை, ரகசியம் மட்டும்தான். அதற்குக் கருவி உண்டு என்றாள். பேச்சுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று அதில் இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாமாம்.

கருவி வந்த மறுநாளே அபிராமபுரத்தில் பாடகியின் வீட்டுக்குப் போனேன். மறைக்கத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்காருமுன்பே, தலையைத் திருப்பிக் காதைக் காட்டினேன். "எனக்குக் காது சரியாக் கேக்கறதில்லை. நீங்க சொன்னது எதுவுமே கேக்காமத்தான் தலையாட்டிண்டிருந்தேன். அன்னிக்குத் தனி வாசிச்சதும் அப்படித்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என் பாட்டு உங்களுக்குச் சலிச்சுப்போச்சு, நான் சொல்றதை மதிக்கக்கூடத் தோணலைன்னு நினைச்சேன். நான் பாடறதையே விட்டுடலாமான்னு ஆத்துல சொல்லிண்டிருந்தேன்."

ஆறு மாதமாக என் மேடை போயிற்றே என்று நான் மட்டும்தான் புலம்புவதாக நினைத்திருந்தேன். வெட்கத்தில் நான் மூடி வைத்த விஷயம், இருபது வருடம் எனக்குச் சோறு போட்ட குரலையே நிறுத்தப் பார்த்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை கச்சேரி இருக்கு, வரேளா?" என்று கேட்டார். "இனிமே மேடையில ரகசியம் கிடையாது. உரக்கவே சொல்லிடறேன். சபைக்கும் கேக்கட்டும்."